காளயுக்தி வருஷத்துப் பதிவேடு

வேதநாயகி டீச்சர் தன் வயதைத் தேடித்தான் தாலுகா ஆபீசுக்குப் போனாள். அது 1969ஆம் வருஷம், மாசி மாதம். சர்வீஸ் ரிஜிஸ்டரில் அவள் பிறந்தது 1915 என்று இருந்தது. அதன்படி அடுத்த வருஷம் ஐம்பத்தைந்து முடிந்து வீட்டுக்குப் போக வேண்டும். ஜாதகமோ பிங்கள வருஷம் வைகாசி என்றது. கணக்குப் போட்டால் 1917. இரண்டு வருஷம் இடிக்கிறது.

இடிப்பதற்குக் காரணம் அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு வயதில் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்தார்கள். கட்டியவன் பதினோரு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டான். தாலி இறங்கிய மகளை வீட்டு மூலையில் உட்கார வைக்க அவள் நைனா கோவிந்தராஜுக்கு மனம் வரவில்லை. செஞ்சிக் கடைத்தெருவில் மளிகை வியாபாரம் செய்துகொண்டிருந்த அந்த மனிதர், ஊர் என்ன பேசினாலும் பேசட்டும் என்று அவளைப் படிக்க வைத்து, டீச்சர் ட்ரெய்னிங்கில் சேர்த்தார். சேர்வதற்குப் பதினேழு வயது ஆகியிருக்க வேண்டும். அவளுக்குப் பதினைந்து. விண்ணப்பத்தில் நைனாவே 1915 என்று எழுதிவிட்டார்.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம்தான் அவளுக்கு எல்லாம். நைனா காலமான பிறகு அண்ணன் சம்பந்தத்தின் வீட்டில், அம்மா ஆதிலட்சுமியோடு இருந்தாள். அண்ணன் தங்கமானவர். ஆனாலும் காலை ஒன்பது மணிக்கு வெளியே போக ஓர் இடம் இல்லாமல், நாள் முழுக்க அந்த வீட்டில் இருப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பிறப்புப் பதிவு கிடைத்தால் வயதைத் திருத்த மனுக் கொடுக்கலாம், இன்னும் இரண்டு வருஷம் ஒன்றாம் வகுப்புக்கு அகரம் சொல்லிக்கொடுக்கலாம் என்று தலைமையாசிரியை சொன்னதும், மறுநாளே கிளம்பிவிட்டாள்.

பதிவறையில் இருந்த ரங்கநாதன் அவளிடம் மூன்றாம் வகுப்புப் படித்தவன். பெஞ்சைத் துடைத்து உட்கார வைத்தான்.

"பழைய கட்டு டீச்சர். செல்லு அரிச்சிருக்குது. இருந்தா ஒங்க அதிர்ஷ்டம்" என்று சொல்லிப் பரணில் ஏறினான்.

இருந்தது. 1917, மே மாதம். 'தகப்பன்: கோவிந்தராஜ், மளிகை வியாபாரம். தாய்: ஆதிலட்சுமி. பெண். பெயர்: வேதநாயகி.' ரங்கநாதனுக்கு அவளைவிடச் சந்தோஷம். நகல் எழுதிக் கையெழுத்து வாங்கி வருகிறேன் என்று வெளியே போனான்.

அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். அந்தக் கட்டிலேயே அடுத்த வருஷத்து இறப்புப் பக்கங்களும் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தன. அது காளயுக்தி வருஷம், விஷக் காய்ச்சல் வந்த வருஷம். வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை என்றாலும் ஊரில் கேட்டிருக்கிறாள். புரட்டினாள். ஐப்பசி மாதம் மட்டும் பக்கம் பக்கமாய்ப் போனது. எழுதியவனுக்கே கை ஓய்ந்திருக்க வேண்டும், எழுத்து சரிந்து சரிந்து கிடந்தது. தெரிந்த குடும்பங்களின் பெயர்களைப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நின்றாள்.

'1918, நவம்பர் 2. வேதநாயகி. பெண். வயது ஒன்றரை. தகப்பன்: கோவிந்தராஜ், மளிகை வியாபாரம். விஷக் காய்ச்சல்.'

விரலை வைத்துத் திரும்பப் படித்தாள். பிள்ளைகள் தப்பாகப் படித்தால் எப்படி எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்வாளோ, அப்படியே எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவள் பெயர்தான். அவள் நைனாதான்.

ரங்கநாதன் திரும்பி வந்தபோது, நகலைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

வழியெல்லாம் மனம் சமாதானம் தேடியது. காய்ச்சல் காலத்தில் தலையாரி வாயால் சொன்னதை முன்சீப் எழுதியிருப்பார். பிழைத்த பிள்ளையைச் செத்ததாகச் சொல்லியிருக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இவள் பெயரைப் போட்டிருக்கலாம். நேராக அண்ணன் கடைக்குப் போனாள். அண்ணனுக்கு அப்போது ஆறு வயது. ஏதாவது ஞாபகம் இருக்கும்.

சம்பந்தம் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ரிஜிஸ்டர் கெடக்குது, வுடு. நீ இங்கதானே நிக்கிற?"

"அந்த ஐப்பசியில நீ எங்கண்ணே இருந்த?"

"அவலூர்ப்பேட்டையில, அத்தை வூட்ல. காய்ச்சல்னு என்னை அனுப்பிட்டாங்க. தை பொறந்துதான் வந்தேன்." சொல்லிவிட்டுத் தெருவைப் பார்த்தார். "திரும்பி வந்தப்போ நீ என்கிட்ட வரவே மாட்டேன்னுட்ட. என்னைப் பார்த்தாலே அழுகை. மூணு மாசத்துல பாப்பா என்னை மறந்துடுச்சுன்னு அம்மா சொன்னாங்க." பிறகு சிரிக்கவில்லை.

வீட்டில் அம்மா முற்றத்தில் புளிக்குக் கொட்டை நீக்கிக்கொண்டிருந்தாள். எழுபத்து மூன்று வயதிலும் சும்மா இருக்காத கை. வேதநாயகி எதிரே உட்கார்ந்தாள்.

"அம்மா, எனக்கு முன்னாடி இன்னொரு வேதா இருந்தாளா?"

கை நின்றது. "யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. தாலுகா ஆபீசுல எழுதி இருக்குது."

"அதையுமா எழுதி வெச்சிருக்கானுங்க?" என்றாள் ஆதிலட்சுமி.

அதற்குமேல் மறைக்க எதுவும் இல்லை. ஐம்பது வருஷம் சொல்லாததைக் கிழவி புளியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சனிக்கிழமை வெடிகாலையில போயிட்டா. தெருவுல வூட்டுக்கு ஒரு பொணம். கூட வர்றதுக்கு ஆளில்ல. நைனாவே துண்டுல சுத்தித் தோள்ல போட்டுக்கினு போனார். எங்க பொதைச்சார்னு நான் கேக்கல, அவரும் சொல்லல. மூணு நாளா எனக்குப் பால் கட்டிக்கினு மாரு கல்லாட்டம் ஆயிடுச்சு. செவ்வாய்க்கிழமை சத்திரத்துல பொணம் எடுக்க ஆம்பளைங்க எல்லாம் போனாங்க. திரும்பி வந்தவரு அதே துண்டுல ஒன்னைச் சுத்தி எடுத்தாந்தார். பேச்சே இல்ல. மடியில போட்டார். நீ வாய வெச்ச. அவ்ளோதான்."

"என்னைப் பெத்தவ?"

"வழியில போனவ. நைனா அங்க போறப்பவே அவளுக்கு உசுரு இல்ல. நீ அவ முந்தானையைப் புடிச்சிக்கினு பக்கத்துல உக்காந்திருந்தியாம். பேரு, ஊரு யாருக்கும் தெரியல."

"எனக்கு வேற பேராச்சும் வெச்சிருக்கலாமே?"

"வேற பேரு வெச்சா அவ செத்துட்டான்னு ஆயிடுமே, கண்ணு."

"அப்போ அவளுக்காக நீ அழவே இல்லியா?"

"எப்பிடி அழறது? மடியில நீ இருக்குற. ஒன் பேரைச் சொல்லி ஒப்பாரி வெச்சா ஒனக்கு ஆவுமா?"

வேதநாயகி ஒரு புளியை எடுத்துக் கொட்டை நீக்கினாள். பிறகு கேட்டாள். "ஜாதகம் அவளோடதுதானே?"

ஆதிலட்சுமி தலை நிமிரவில்லை. "நீ பொறந்த நாளு எங்களுக்கு எங்க தெரியும்?"

பத்துப் பொருத்தம் பார்த்துச் சேர்த்தது செத்துப்போன ஒரு குழந்தையின் ஜாதகத்தோடு. புருஷன் பிணத்தை எடுத்த அன்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டு, "இவ நட்சத்திரம்தான் எம்புள்ளைய முழுங்கிடுச்சு" என்று கத்தியது வேதநாயகியின் காதில் நாற்பது வருஷமாக இருக்கிறது. கல்யாண வீடுகளுக்குப் போகாமல், சீமந்தத்துக்குப் போகாமல், போனாலும் பின்கட்டோடு திரும்பியது எல்லாம் அந்த ஒரு சொல்லால்தான். அது அவள் நட்சத்திரமே இல்லை. அவளுடையது என்னவென்று யாருக்கும் தெரியாது. எழுந்து போய்க் கிணற்றடியில் முகம் கழுவினாள். நிம்மதியா, கோபமா என்று அவளுக்கே விளங்கவில்லை. திரும்பத் திரும்பத் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள்.

மறுவாரம் மறுபடி பதிவறைக்குப் போனாள். நவம்பர் 5, செவ்வாய்க்கிழமை. தேட வேண்டியிருக்கவில்லை. 'சத்திரம். வழிப்போக்கர். பெண். வயது சுமார் 25. பெயர், ஊர் தெரியாது.' அவள் வம்சத்துக்கு இருந்த எழுத்து அவ்வளவுதான். அந்த மாதத்தில் பெயர் தெரியாத பெண்கள் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். நான்கு வரிகளையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறினாள். அவலூர்ப்பேட்டை, மண்டகப்பட்டு, நடுவில் இருக்கிற சின்னச் சின்ன ஊர்கள். காளயுக்தி ஐப்பசியில் கைக்குழந்தையோடு புறப்பட்டுத் திரும்பி வராத பெண் யாராவது உண்டா என்று வயதானவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டாள். சொத்துக்கு வந்திருக்கிறாள் என்று சிலர் நினைத்தார்கள். பலருக்குக் கேட்டதும் கண் கலங்கியதே தவிர, சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

வைகாசியில் ஒரு நாள் வல்லத்தில் துரைக்கண்ணு என்பவரைக் காட்டினார்கள். அறுபத்தைந்து வயது விவசாயி. மணிலாக் கொட்டை காயவைத்த களத்தில் நின்றிருந்தார். கேள்வியைக் கேட்டதும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"எங்க அக்கா விருத்தாம்பா. மாமன் திருவண்ணாமலை பக்கம் கூலிக்குப் போயிருந்தாரு. அவருக்குக் காய்ச்சல்னு சேதி வந்திச்சு. புள்ளையைத் தூக்கிக்கினு நடந்தே போனா. போனவதான்." சொல்லிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தார். கிட்ட வந்து பார்த்தார். "எங்க அம்மாவுக்கு இப்பிடித்தான் நெத்தி ஏறி இருக்கும்."

வேதநாயகிக்கு மாமா என்று கூப்பிட வாய் வரை வந்துவிட்டது. ஆனாலும் அவள் டீச்சர், சரிபார்க்காமல் எதையும் எழுதிப் பழக்கம் இல்லை.

"குழந்தை... பொண்ணா?"

துரைக்கண்ணு களத்தில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தார்.

"பையன்மா. தனகோட்டின்னு பேரு. பொண்ணுன்னு சொல்லிடலாம்னுதான் பாத்தேன். வாய் வரல."

இருவரும் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்தார்கள். அவர் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். தாலுகா ஆபீசில் பார்த்து எழுதிக்கொண்டதை அவள் சொன்னாள். மடியிலிருந்த நோட்டைக் காட்டி அவர் கேட்டார்: "அந்த நோட்டுல வேற யாருமே இல்லியா?"

வேதநாயகி நோட்டைப் பிரிக்கத் தயங்கினாள். மூன்றாவது வரியில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அக்கா எங்கேயாவது உயிரோடு இருப்பாள் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருக்கக்கூடிய மனிதரிடம் அதைப் படிப்பது பாவமா, படிக்காமல் போவது பாவமா?

"படிம்மா" என்றார்.

படித்தாள். "நவம்பர் 9. திருவண்ணாமலை சாலை, புளியமரத்தடி. பெண். வயது சுமார் 20. உடன் ஆண் குழந்தை, வயது சுமார் 1. இருவரும் விஷக் காய்ச்சல். பெயர், ஊர் தெரியாது."

துரைக்கண்ணு தலைத்துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். அழுகை சத்தமாக வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. "புளியமரத்தடியா..." என்றார். "எத்தினி தபா அந்த வழியா வண்டி ஓட்டிக்கினு போயிருக்கறேன். ஒரு தபாகூட எறங்கலியே."

அது விருத்தாம்பாள்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவருக்கு அது போதும். அந்த வரியை ஒரு தாளில் எழுதி, மேலே பெயரையும் எழுதித் தரச் சொன்னார். 'விருத்தாம்பாள், வல்லம். மகன் தனகோட்டி.' எழுதிக்கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவர் விடவில்லை. பஸ் ஏறும்போது, "ஊருக்கு வந்துக்கினு போய்க்கினு இரும்மா" என்றார்.

அதோடு வேதநாயகி தேடுவதை நிறுத்திவிட்டாள். தன்னைப் பெற்றவளின் வரிக்கு மேலே எழுத ஒரு பெயர் கிடைக்காது என்பது அவளுக்கு விளங்கிவிட்டது.

ரங்கநாதன் நகலை மேசைக்குள்ளேயே பத்திரமாக வைத்திருந்தான். "டீச்சர், கையெழுத்து ஆயிடுச்சு. மனுவோட சேத்துக் கொடுத்துட்டா போதும்."

"வேணாம் ரங்கநாதா. அது என் வயசு இல்ல."

அவனுக்குப் புரியவில்லை. அவளும் விளக்கவில்லை. அந்த நகலைக் கொடுத்திருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை, இரண்டு வருஷம் கிடைத்திருக்கும். செத்த குழந்தையிடமிருந்து வீட்டை, பெயரை, நைனாவை, அம்மாவின் பாலை எல்லாம் எடுத்துக்கொண்டாயிற்று. பிறந்த நாளையாவது அதனிடமே விட்டுவிட வேண்டும் என்று நினைத்தாள்.

அந்த ஐப்பசியில் ஆதிலட்சுமி படுத்துவிட்டாள். வியாதி என்று ஒன்றும் இல்லை. புளி நீக்கிய அன்று பேசியதோடு அவளுக்குள் கட்டியிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்துவிட்டது போலிருந்தது. சும்மா இருக்கும்போதே கண்ணில் நீர் வடியும். கேட்டால், ஒன்றுமில்லை, தூசு என்பாள். இத்தனை வருஷம் அழாததை இப்போது அழுகிறாள் என்று வேதநாயகிக்குத் தெரியும். துடைத்துவிடுவாளே தவிர, அழாதே என்று சொல்லமாட்டாள்.

மார்கழியில் நினைவு தப்பியது. கடைசி இரண்டு நாளும் வாய் ஓயாமல், "வேதா... வேதா..." என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எந்த வேதாவைக் கூப்பிடுகிறாள் என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தவள், ஒவ்வொரு தடவையும் குனிந்து, "இன்னாம்மா, இங்கதான் இருக்கறேன்" என்றாள்.