மணமகள் தலையில் ஒரு புள்ளி

ஞானராஜ் செத்துப்போன செய்தியை எனக்கு யாரும் வந்து சொல்லவில்லை. ராஜபாளையம் பஸ் நிலையச் சுவரில் நானே வாசித்தேன். இந்த வயதில் படிக்கக் கற்றவன், எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன். அவன் பெயரின் முதல் எழுத்தே என்னைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டது. ஒரு சாவை நானாகப் படித்துத் தெரிந்துகொண்டது இதுதான் முதல் தடவை. படித்துவிட்டேன் என்ற சந்தோஷம் முதலில் வந்துவிட்டது. அழுகை அதற்குப் பின்னால்தான் வந்தது. போஸ்டரில் அவனைப் ‘பண்பாளர்’ என்று போட்டிருந்தார்கள். அவனிடம் கல்யாணப் பத்திரிகை அடித்த உங்கள் எல்லோருக்கும் தெரியும், அது பச்சைப் பொய்.

அவனுக்கு மனிதர்களைக் கண்டாலே இளக்காரம். தொண்ணூறுகளில் வீட்டின் முன்னறையில் டி.டி.பி. கடை போட்டான். எதிரில் என் டீக்கடை. அவனிடம் இருந்தது யாரோ கழித்துவிட்ட லேசர் பிரிண்டர். அதற்குள் பச்சை நிறத்தில் ஓர் உருளை உண்டு, டிரம் என்பான். எழுத்து அதில் விழுந்துதான் தாளுக்கு வரும். தேய்ந்துவிட்டால் ஊர் உலகம் புதிது வாங்கும். இவன் அடுப்படி ஜன்னலைச் சாத்தி, கறுப்புத் துணி விரித்து, மில் பஞ்சில் பாலிஷைத் தொட்டு அந்த டிரம்மைத் தடவிக்கொண்டிருப்பான். பேப்பர் இழுக்காத ரப்பர் ரோலரை உப்புத்தாளால் தேய்த்து மறுபடி மாட்டுவான். டீ கொண்டுபோன நான் ஒருநாள் கதவைத் திறந்துவிட்டேன். வெளிச்சம் பட்டால் டிரம் செத்துப்போகும் என்று என் வம்சத்தையே திட்டினான். அவன் மனைவி ரோஸ்மேரி, கறுப்புத் தூள் மிதந்த ரசத்தைக் காட்டி, “இவரு என்னையக் கெட்டல அண்ணாச்சி, அந்த டப்பாவத்தான் கெட்டியிருக்காரு” என்றாள்.

மதுரையிலிருந்து புது பார்ட்ஸ் விற்க, கழுத்தில் டை கட்டிய ஓர் ஆள் வந்தான். ரோலர் ஆயுசு முடிந்துவிட்டது, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று பிரிண்டருக்குள் குனிந்தான். ஞானராஜ் சொன்னது தெருவெல்லாம் கேட்டது: “மொதல்ல அந்த டையக் கழத்துவே. ரோலர் இழுத்துச்சுன்னா பத்திரிகையில உம்ம மூஞ்சிதான் வரும்.”

இவனிடம்தான் என் மகள் கல்யாணப் பத்திரிகையை அடித்தேன். எனக்கு அப்போது ஓர் எழுத்தும் தெரியாது. அட்டையைத் தடவிப் பார்த்து, அழகாக இருக்கிறது என்று சந்தோஷமாக ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோனேன். சம்பந்தி கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர். கண்ணாடியைப் போட்டு வாசித்தார். முகம் மாறிவிட்டது.

“மண்மகள்னு போட்டிருக்கு. மண்ணுக்குப் போற மகளையா எங்க வீட்டுக்கு அனுப்புதீக?”

‘மணமகள்’ என்ற சொல்லில் ‘ண’ தலைமேல் சின்னதாக ஒரு புள்ளி. எனக்கு அது ஈ உட்கார்ந்து போன தடம்போலத்தான் தெரிந்தது. அவருக்கு அது சகுனம். இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்.

திரும்பி வந்து ஞானராஜ் முன்னால் அழுதேன். அவன் வருத்தம் சொல்லவில்லை. டிரம்மில் ஒரு கீறல், அதுதான் சுற்றுக்கு ஒரு புள்ளி போடுகிறது என்றான். வரிகளைக் கொஞ்சம் நகர்த்தி, அந்தப் புள்ளி ‘மணமகன்’ கடைசி எழுத்தின் புள்ளி மேலேயே விழும்படி வேறு பத்திரிகை அடித்தான். “மாப்பிள்ளைக்கு ஒரு புள்ளி ஓசி” என்று சிரித்தான். பிறகு டிரம்மைக் கழற்றிக் கறுப்புத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தான். “கோர்ட்டு ஆளு. அத்தாட்சி இல்லாம நம்ப மாட்டான்.”

இருவருமாக ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். அவன் சொன்னபடியேதான் ஆயிற்று. புதுப் பத்திரிகையைச் சம்பந்தி தொடவே இல்லை, முதலில் விழுந்த வார்த்தை விழுந்ததுதான் என்றார். ஞானராஜ் அவரை முற்றத்துக்குக் கூப்பிட்டான். நல்ல வெயில். துணியை அவிழ்த்தான். நான் அவன் கையைப் பிடித்தேன், தட்டிவிட்டான்.

“இது எங்க டிரம்முக்கு வந்த தேமல். பொண்ணுக்கு வந்தது இல்ல. உருட்டிப் பாரும்.”

சம்பந்தி பழைய பத்திரிகை மேல் டிரம்மை வைத்து உருட்டினார். கீறல் சரியாக ‘ண’ தலைமேல் வந்து நின்றது. நம்பாமல் மறுபடி மறுபடி உருட்டினார். கடைசியில் உள்ளே பார்த்து, புதுப் பத்திரிகையில் தடவ மஞ்சள் கொண்டுவரச் சொன்னார்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஞானராஜ் அவரைத் திட்டினான். “ஒரு புள்ளியப் பாக்க எம்புட்டு நேரம் வெயில்ல உருட்டுதான். இவனையெல்லாம் வச்சு எப்படித்தான் கோர்ட்டு நடத்துனாங்களோ.” டிரம்மைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு அதில் அடித்த தாளெல்லாம் கறுப்பாகத்தான் வந்தது. புதுசே வாங்காதவன் மதுரைக்குப் போய்ப் புதுசு வாங்கினான். டை கட்டியவனிடமே வாங்கினான்.

பழைய டிரம் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்டபோது, கை தவறிக் கீழே போட்டுவிட்டேன் என்று சொன்னான். பெரிய கெட்டிக்காரன் கைநடுங்கி என்று வருஷக்கணக்கில் அவனைக் கேலி செய்தீர்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். சொன்னால் கொன்றுவிடுவேன் என்று மிரட்டி வைத்திருந்தான். இனி மிரட்ட முடியாது. அவன் கை தவறவே இல்லை. எழுதிவிட்டேன், படித்துக்கொள்ளுங்கள்.

அவனிடமிருந்து என்னிடம் இருப்பது ஓர் எழுத்துதான். எங்கே ‘ண’ வந்தாலும், சுழியை முடித்ததும் பென்சிலைத் தூக்கி அதன் தலைக்கு மேலே பார்க்கிறேன். வெறுமையாக இருந்தால்தான் அடுத்த எழுத்துக்குப் போகிறேன்.