டவாலியை அவள் நைனா என்று கூப்பிட்டாள்

ஐம்பதுகளில் பொன்னேரிப் பக்கத்து ஆரணியில் வாத்தியாராக இருந்தபோது, என் நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தியைச் சாட்சி சொல்லப் பொன்னேரி கோர்ட்டுக்கு ஆறு முறை அழைத்துப் போனேன். அவளுக்கு ஒன்பது வயது. தாய் தகப்பன் இல்லை. சித்தப்பா வீட்டில் வளர்ந்தாள். அவர் கரண்டியைக் காய்ச்சி அவள் முதுகில் இழுத்த சூடுகளை முதலில் பார்த்தவன் நான். எண்ணினேன், ஏழு. புகார் எழுதிக் கொடுத்தவனும் நான்தான்.

வழக்கு முடியும்வரை பெரியம்மா வீட்டில் இருந்தாள். அந்த அம்மாள் கூலி வேலைக்குப் போகிறவள், ஒரு நாள் நின்றால் அடுப்பு எரியாது. அதனால் கூட்டிப் போவது என் பொறுப்பாயிற்று. பிள்ளை கூண்டில் வாய் திறக்காவிட்டால் கேஸ் நிற்காது, மறுபடி சித்தப்பா வீடுதான் என்று போலீஸ்காரர் சொல்லியிருந்தார்.

ஆகவே பதினோரு வாக்கியங்கள் எழுதி, வாய்ப்பாடு போல ஒப்பிக்கவைத்தேன். பஸ்ஸில் போகும்போது நாலு தடவை, வரும்போது நாலு தடவை. வாத்தியாருக்கு வேறென்ன தெரியும்.

முதல் நாலு முறையும் வாய்தாதான். அங்கே சாட்சிகளின் பெயரைக் கூப்பிடும் டவாலி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். அவர் யார் பெயரையோ மூன்று முறை இரைந்து கூப்பிட்டதற்கே அவள் நடுங்கினாள். அதைப் பார்த்துவிட்டார். மத்தியானம் கோர்ட் காலியாக இருந்தபோது உள்ளே கூட்டிப் போய், கூண்டில் நிற்கவைத்து, அவள் பெயரை மெல்லக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு அவரைக் கூப்பிடும் முறை அவளுடையது. கூண்டில் ஏறிக் கைகட்டிக்கொண்டு, "வந்துக்கினே இருக்கேன், எஜமான்" என்றார். சிரித்தாள். அன்று மட்டும் மூன்று முறை. மூன்றாம் வகுப்பிலிருந்து இரண்டு வருஷமாக என் வகுப்பில் இருந்தவள், என்னிடம் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை.

நாலாம் வாய்தாவில், அப்பாவைக் கூப்பிடுவதுபோல, அவரை நைனா என்று கூப்பிட ஆரம்பித்தாள். நான் எப்போதும் சார்.

"பாடம் மாதிரி ஒப்பிக்க வெக்காத சார். வக்கீலு ஒரே கேள்வில சாச்சிடுவாரு" என்றார் என்னிடம்.

"கோர்ட் வேலைய நீங்க பாருங்க. பிள்ளைய நான் பாத்துக்கறேன்."

"நீ எங்க பாக்கற? எண்ணிக்கினு இல்ல கீற."

அன்றே தலைமைக் குமாஸ்தாவிடம், டவாலி சாட்சியோடு பேசிப் பழகுகிறார், எதிர்க்கட்சி வக்கீல் பிடித்துக்கொண்டால் கேஸ் கெடும் என்று எழுதிக் கொடுத்தேன். காரணம் நியாயமானதுதான். எழுதவைத்தது அந்தக் காரணம் அல்ல.

ஐந்தாம் முறை விசாரணை நடந்தது. டவாலியைப் பழைய கேஸ் கட்டுகள் வைக்கும் அறைக்கு மாற்றியிருந்தார்கள். புது ஆள் ஒருவன் தொண்டை கிழியக் கூப்பிட்டான். நானும் சாட்சி என்பதால் வெளியே நிற்கவேண்டும். அவள் வாசலில் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். தேடியது என்னை அல்ல.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே மாஜிஸ்திரேட் பெயர் கேட்டார். பதில் இல்லை. எந்த வகுப்பு என்று கேட்டார். அதற்கும் இல்லை. நூற்று நாற்பதுவரை எண்ணிப் பார்த்துவிட்டு அந்த அறைக்கு ஓடினேன்.

"பேச மாட்டேங்குது. கொஞ்சம் வாங்க."

"எய்திக் குடுத்தது நீதான சார்?"

"நான்தான்."

அவர் எழுந்தார். கைத்தூசியைத் தட்டிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரோடு உள்ளே போனார். மாஜிஸ்திரேட்டிடம் கேட்டுக்கொண்டு அதைக் குழந்தையிடம் கொடுத்து, கதவோரம் நின்றார். அவ்வளவுதான். அவள் பேசினாள். முணுமுணுப்பாகத்தான் எனக்குக் கேட்டது. பிறகு எதிர்க்கட்சி வக்கீலின் குரல் உரக்க வந்தது.

"இதெல்லாம் யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

"சார் பதினோரு வரி சொல்லிக் குடுத்தாரு. அது மறந்துபூட்ச்சி. இது எனுக்கு நடந்தது."

இப்போது அவள் குரல் வெளியே தெளிவாகக் கேட்டது.

ஆறாம் முறை தீர்ப்பு. சித்தப்பாவுக்கு மூன்று மாதம். அவள் பெரியம்மாவோடே இருக்கலாம் என்று ஆயிற்று. திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள்.

"அடுத்த வாய்தா எப்ப சார்?"

"இனிமே வாய்தா கிடையாது. முடிஞ்சுபோச்சு."

"அப்ப நைனாவ?"

"அவர எதுக்குப் பாக்கணும்?"

முதுகுச் சூட்டைப் போலீஸ்காரர் பார்த்தபோதும், சித்தப்பாவை எதிரில் வைத்துக்கொண்டு பேசியபோதும் அழாதவள், ஆரணி வரும்வரை அழுதாள். நான்தான் தேற்றியிருக்கவேண்டும். நானோ ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, ஆறு முறை அலைந்த எனக்காக இவள் ஒரு நாளாவது இப்படி அழுவாளா என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.