பின்வாசல் வண்டியின் கரண்ட்

எங்கள் வீட்டுக் கரண்டை இழுத்துப் பேட்டரியில் ஏற்றிக்கொண்ட வண்டி, அதையே திரும்ப வீட்டுக்குக் கொடுத்தால் அது யாருடைய கரண்ட்? எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அண்ணனிடம் கேட்டால் சிரிப்பான். தொண்ணூறுகளில் அவன் காரைக்குடியில் பேட்டரி ஆராய்ச்சி செய்யும் இடத்தில் வேலை பார்த்தான். சோதனைக்கு ஓட்டும் பேட்டரி வேனைச் சில நாள் வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்துவான். "நிக்கிற வண்டியெல்லாம் ஊருக்கே கரண்டு குடுக்குற காலம் வரும் பாரு" என்பான். எனக்குத் தலை சுற்றும்.

எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்பாதி பெரியப்பச்சிக்கு, பின்பாதி எங்களுக்கு. எங்கள் பக்கம் அப்பாவை அப்பச்சி என்போம். என் அப்பச்சிக்கும் அவருடைய அண்ணனான பெரியப்பச்சிக்கும் பல வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. பாகம் பிரித்து நடுவில் சுவர் எழுப்பினார்களே தவிர, வயரிங்கைப் பிரிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மெயின் சுவிட்ச் பெரியப்பச்சி பக்கம் இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அப்பச்சி சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வார். அங்கிருந்து குரல் வந்தால் மறுப்பு, வராவிட்டால் சம்மதம். இந்தக் கூத்தைத்தான் நாங்கள் கௌரவம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு சாயங்காலம் மழையும் காற்றும் அடித்து ஓய்ந்தபோது, எங்கள் வீட்டில் மட்டும், இரண்டு பாதியிலும், கரண்ட் இல்லை. அண்ணனுக்கு ஒரே உற்சாகம். பின்வாசலில் நின்ற வேனிலிருந்து வயர் இழுத்து, இன்வெர்ட்டர் வழியாக எங்கள் பிளக் பாயிண்டில் செருகத் தயாரானான். "மெயினை அணைக்காமப் போட்டா கரண்டு தெருக்கம்பிக்குப் போயிரும் அப்பச்சி. பெரியப்பச்சிட்டச் சொல்லுங்க" என்றான்.

அப்பச்சி சுவரைப் பார்த்தார். "வண்டியிலருந்து கரண்டு விடப்போறோம். மெயினை அணைச்சா நல்லது" என்றார். காத்திருந்தோம். பதில் இல்லை. "சரின்னுட்டாரு, போடுடா" என்றார்.

விளக்கு எரிந்தது. நான் கைதட்டினேன். அடுத்த நொடி முன்தெருவில் ஓர் அலறல் கேட்டது. அண்ணன் முகம் வெளுத்துப் பிளக்கைப் பிடுங்கினான். என்ன நடந்தது, யார் கத்தியது, ஒன்றும் புரியாமல் நான் நின்றேன். அப்பச்சிக்கு என்ன புரிந்ததோ, சுவரில் வருடக்கணக்காகப் பூட்டியே கிடந்த கதவைத் தோளால் இடித்துத் திறந்துகொண்டு ஓடினார்.

பெரியப்பச்சி வீட்டுக்குள்ளேயே இல்லை. அவரே போய் லைன்மேனை அழைத்துவந்து, தெருக்கம்பத்தில் சாத்திய ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஷாக் அடித்த லைன்மேன் சறுக்கி, அவர் மேலேயே விழுந்திருந்தார். "பியூஸப் புடுங்கிச் சட்டைப்பையில வச்சிருக்கேன் ஐயா! பெறகு எங்குட்டுருந்து வந்துச்சு கரண்டு?" என்று கையை உதறியபடி எல்லோரையும் கேட்டார். பெரியப்பச்சி சேற்றில் உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டு வீங்கிக்கொண்டிருந்தது.

அப்பச்சி லைன்மேனைப் பார்த்து, "ஒனக்கு ஒண்ணுமில்லையே? அண்ணனுக்கு அடி பலமான்னு கேளு" என்றார்.

"ஒண்ணுமில்லைன்னு சொல்லு" என்றார் பெரியப்பச்சி, அவரும் லைன்மேனிடமே. "பயலைத் திட்ட வேணாம்னும் சொல்லு."

அந்த மனிதர் இவர் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. தன் அண்ணனின் கையை இரண்டு கைகளுக்குள்ளும் ஏந்திக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்த அப்பச்சி, "வலிக்குதான்னு கேளுப்பா" என்று மறுபடியும் லைன்மேனிடம் சொன்னார்.