கொடிக்கம்பியும் எரியாத பல்பும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் தொடக்கம். திருவனந்தபுரத்தில் இஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். தங்கியது கரமனையில் அக்கா வீட்டில். அந்த வீட்டுக்கு அப்போதுதான் கரண்ட் வந்திருந்தது. அக்காவின் கணவர், என் அத்திம்பேருக்கு, அதில் ரொம்பப் பெருமை.

அக்காவுக்குச் சீமந்தம் வைத்திருந்தார்கள். முந்தைய நாள் காலை, தாழ்வாரத்தில் துணி உலர்த்தப் போனவள் கையை உதறிக்கொண்டு வந்தாள்.

"கொடிக்கம்பியைத் தொட்டா சுருக்குங்கறதுடா."

அத்திம்பேர் ஒரு சின்ன பல்பை எடுத்து, அதன் ஒரு வயரைக் கம்பியிலும் மற்றதைத் தண்ணீர்க் குழாயிலும் சுற்றினார். பல்பு எரியவில்லை.

"கரண்ட் இருந்தா எரியாதா? உனக்கு மனப்பிராந்தியாக்கும்" என்றார்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்போதுதான் வகுப்பில் ஒரு தேற்றம் நடத்தியிருந்தார்கள். எவ்வளவு சிக்கலான சர்க்யூட்டையும் ஒரே ஒரு மின்மூலம், அதோடு தொடராக ஒரே ஒரு மின்தடை என்று சுருக்கிவிடலாம். சுவருக்குள் வயர் எங்கே போகிறது, எங்கே உறை கிழிந்திருக்கிறது என்றெல்லாம் தெரிய வேண்டியதில்லை. ஒரு பக்கம் வீட்டுக்கு வரும் கரண்ட், நடுவே தடையாக, கொடிக்கம்பியின் ஆணி இறங்கியிருக்கும் சுவர், மறுபக்கம் கம்பியைத் தொடும் அக்காவின் கை. சுவர் காய்ந்திருப்பதால் தடை அதிகம். கசிகிற கரண்ட் பல்புக்குப் போதாது, விரலுக்குத் தெரியும்.

தரையில் கரித்துண்டால் வரைந்து காட்டினேன். அத்திம்பேர் குனிந்து பார்த்தார்.

"இது ஒண்ணும் சாரமில்லை, விட்டுத்தள்ளு. நாளைக்கு ஊரே வரப்போறது. இதுக்காகக் கரண்டை நிறுத்தி எல்லாரையும் இருட்டில உக்கார வைக்கச் சொல்றயா?"

அக்கா என்னைத்தான் கேட்டாள். "மழை பெஞ்சா அந்தத் தடை என்னாகும்?"

"குறையும்."

"எவ்வளவு?"

"தெரியலை."

அவள் எழுந்து போய் மெயின் ஸ்விட்சை அணைத்தாள். அன்று முழுக்க அத்திம்பேர் எங்கள் இருவரோடும் பேசவில்லை.

மறுநாள் விடியும்போதே, இடவப்பாதி என்று அங்கே சொல்கிற பருவமழை பிடித்துக்கொண்டது. சமையற்கட்டிலும் கூடத்திலும் அரிக்கேன் விளக்குகள்தான். வந்தவர்கள் நனைந்த மேல்துண்டுகளை அந்தக் கொடியில்தான் போட்டார்கள். குழந்தைகள் அதை எட்டிப் பிடித்து ஆடின. சுவரில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

எல்லோரும் கிளம்பிய பிறகு அத்திம்பேர் தாமாகவே அந்தப் பல்பை எடுத்துவந்து, முன்போலவே வயர்களைச் சுற்றினார். கொடியருகே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, ஸ்விட்சைப் போடச் சொன்னார்.

பல்பு மங்கலாகச் சிவந்து எரிந்தது.

"அணைச்சுடு" என்றார் அத்திம்பேர். அன்று பகலில் அந்தக் கம்பியை எத்தனையோ கைகள் தொட்டிருந்தன. அடுத்த வாரம் வயரிங் முழுவதையும் மாற்றினார்கள்.

பின்னாளில் மின்சார வேலையிலேயே என் காலம் கழிந்தது. கணக்குப் போட்டு விடை கண்டுபிடிக்க வகுப்பில் கற்றுக்கொண்டேன். விடை தெரியாதபோது எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை, ஸ்விட்சை நோக்கி நடந்த அக்காவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.