பின் சீட்டில் கேட்ட இரைச்சல்

வாக்மேனைக் கார் ஸ்டீரியோவோடு இணைப்பதைப் பெரிய வித்தை என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள். எனக்கு அது அரை நாள் வேலை. பெருமைக்குச் சொல்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைக்குத்தான் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பைக்கூட முழுசாக முடிக்காதவன் நான். ஆட்டையாம்பட்டி ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, லாரிக்கும் காருக்கும் வயரிங் செய்தே மேலே வந்தவன். சர்க்யூட் படம் பார்க்க எனக்குத் தெரியாது. படத்தில் இருக்கிற வயர் பாதி வண்டியில் இருக்காது. அதனால் நான் நேராக வண்டியையே பார்த்துவிடுவேன்.

ஆனால் இப்போது சொல்ல வந்தது இணைப்பைப் பற்றி மட்டும் இல்லை. அந்தக் காரின் பின் சீட்டைப் பற்றியும்தான்.

அது எங்கள் ஊர்ப் பண்ணாடியின் கார். நிலம் வைத்திருந்தவரை எங்கள் ஆட்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பேச்சுக்குப் பேச்சு சாமி என்றும் சேர்த்துக்கொள்வார்கள். என் அப்பா அவருடைய தோட்டத்து ஆள். எழுபதுகளில் அந்த வெள்ளை அம்பாசிடர் வந்தபோது எங்கள் சுற்றுவட்டாரத்தில் வேறு கார் கிடையாது. அது வருகிற புழுதியைப் பார்த்தாலே ரோட்டில் இருப்பவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். பின் சீட்டில் பண்ணாடி இருப்பார். பின் ஜன்னலைப் பார்த்துக் கும்பிடுவார்கள்.

கார் வந்த வருஷமே அப்பா பண்ணாடியின் தென்னந்தோப்பில் மரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். நான் அப்போது சங்ககிரியில் ஒரு லாரிப் பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். மாரியம்மன் நோம்பிக்கு, திருவிழாவுக்கு, ஊருக்கு வந்திருந்தேன். காரை எடு என்று பண்ணாடிதான் டிரைவரிடம் சொன்னார். அதை நான் மறைக்க மாட்டேன். அன்றைக்கு அவர் சொல்லாவிட்டால் அப்பா கட்டை வண்டியில் சேலம் போய்ச் சேர்வதற்குள் என்ன ஆகியிருக்குமோ. ஆனால் அப்பாவைப் படுக்க வைத்தது டிக்கியில். சாக்கு விரித்து, மூடியைக் கயிற்றால் தூக்கிக் கட்டி, அப்பாவின் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு நானும் அதற்குள்ளேயே குறுகி உட்கார்ந்தேன். சேலம் ஆஸ்பத்திரி வரைக்கும் மண்ணைத் தின்றுகொண்டே போனோம். இறங்கினபோதுதான் பார்த்தேன். பின் சீட்டில் ஒரு வாழைத்தார் இருந்தது. சேலத்தில் இருந்த ஒறம்பரைக்கு, அவருடைய சொந்தக்காரர் வீட்டுக்கு, கொடுத்தனுப்பியது. வாழைத்தார் மெத்தையில் வந்தது, அப்பா டிக்கியில் வந்தார்.

அதற்கப்புறம் அப்பா நொண்டித்தான் நடந்தார். ஆனாலும் யார் கேட்டாலும், "பண்ணாடி அவரு காருலயே என்னையக் கூட்டிட்டுப் போனாரு" என்பார்.

"டிக்கியிலப்பா," என்பேன் நான்.

"ஏன், டிக்கி காரோட சேந்ததில்லியா?"

அப்போதே மனசில் ஒன்று வைத்துக்கொண்டேன். அதே காரின் பின் சீட்டில் ஒரு நாள் நான் உட்காராமல் விடப்போவதில்லை. பின்னாளில் சொந்தக் காரில் உட்காரும் நாளும் வந்தது. அது வேறு கணக்கு. எனக்கு வேண்டியது அந்தக் கார், அந்தச் சீட்டு.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் காலை அந்தக் கார் என் கொட்டகை முன்னால் வந்து நின்றது. கொஞ்சம் பழசாகியிருந்தது, ஆனால் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். பண்ணாடி பின் சீட்டில் உட்கார்ந்தபடியே என்னைக் கூப்பிட்டார். காரில் மாட்டியிருந்த ஸ்டீரியோ கேசட்டை எல்லாம் கடித்துக் குதறுகிறதாம். அஸ்தம்பட்டியில் ஒரு கடையில் டிப்ளமா படித்தவர் பார்த்துவிட்டு, தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள் என்று சொல்லிவிட்டாராம். பண்ணாடியின் கையில் ஒரு வாக்மேன் இருந்தது. சிங்கப்பூரில் இருக்கிற மருமகன் கொடுத்தது.

"இதைக் காதுல மாட்டுனா நாம் பேசறது எனக்கே கேக்க மாட்டீங்குது. ஊட்டுல எல்லாம் சிரிக்கறாங்க. இதுல பாடறத இந்த ஸ்பீக்கருல கேக்க வெக்க முடியுமாடா?"

"முடியுமுங்க."

"அஸ்தம்பட்டிக்காரன் முடியாதுங்கறான்."

"அவரு படிச்சவருங்க. முடியாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுக்க ஆளில்லீங்க."

டிரைவர் சிரித்துவிட்டார். பண்ணாடி சிரிக்கவில்லை.

வேலையைச் சொல்கிறேன். ஸ்டீரியோவில் கெட்டது கேசட் ஓடுகிற பாகம். சத்தத்தைப் பெரிதாக்குகிற பாகம் நன்றாகத்தான் இருந்தது. வாக்மேனில் கேசட் நன்றாக ஓடும், சத்தம் பத்தாது. இதில் ஓடுவதை அதன் தொண்டையில் ஊற்றினால் தீர்ந்தது. ஸ்டீரியோவைக் கழற்றி, சத்தம் கூட்டிக் குறைக்கிற திருகின் கால்களைக் கண்டுபிடித்து, கேசட் பக்கத்திலிருந்து அதற்கு வருகிற வயரை வெட்டினேன். அந்த இடத்தில் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று ஷீல்டு வயரை ஈயம் உருக்கி சால்டர் வைத்தேன். வயரின் மறுமுனையில் ஹெட்போன் ஊசி. ஊசியை வாக்மேனில் சொருகினதும் பின் சீட்டுக்கு மேலே கண்ணாடி ஓரம் இருந்த இரண்டு ஸ்பீக்கரிலும் நாதஸ்வரம் கிளம்பியது. பண்ணாடிக்கு நாதஸ்வரம் என்றால் உயிர்.

சின்ன பேட்டரி இறங்கிப்போனால் பாட்டு இழுக்கும். அதற்காகக் கார் பேட்டரியிலிருந்தே வாக்மேனுக்கும் கரண்ட் எடுத்தேன். பன்னிரண்டு வோல்ட்டை மூன்றாக இறக்க ஒரு டிரான்சிஸ்டரை அலுமினியத் துண்டில் பூட்டி டேஷ்போர்டுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அந்த இடத்தில்தான் அவசரத்தில் ஒரு தப்புச் செய்துவிட்டேன்.

இவ்வளவு வேலையையும் காரின் முன்பக்கத் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு செய்தேன். அதற்கு ஒரு தடையும் இல்லை. முடிந்ததும் சத்தம் எப்படி வருகிறது என்று பார்க்கப் பின் கதவில் கை வைத்தேன். "ஜன்னல்ல தலைய உட்டுக் கேளு, போதும்," என்றார் பண்ணாடி. தலையை விட்டுக் கேட்டேன். நன்றாக இருந்தது. போனார்கள்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தார். இந்தத் தடவை பின் கதவைத் திறந்து இறங்கியே நின்றார்.

"என்னடா பண்ணி வெச்சிருக்கற? நிக்கறப்ப ஒண்ணுமில்ல. வண்டி வேகம் எடுத்தா காதுகிட்ட வண்டு கத்துது."

"எப்படிங்க கத்துது?"

பண்ணாடி எதிரில் இருந்த டீக்கடையைப் பார்த்தார். நாலைந்து பேர் இருந்தார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஙொய்ங்..." என்றார்.

"கேக்கலீங்க."

"ஙொய்ய்ய்ங்!"

"இன்னும் வேகம் எடுத்தாங்க?"

"ஙீய்ய்ய்ங்!"

டீக்கடையில் ஒருவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் டிரைவரைக் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் கேக்கலீங்க. முன்னாடி எஞ்சின் சத்தந்தானுங்க," என்றார் அவர்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் ஙொய்ங்கிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. டைனமோ இரைச்சல். ஸ்டீரியோவுக்கு எர்த் ஒரு இடத்தில் இருந்தது. வாக்மேனுக்கு நான் அவசரத்தில் ஆஷ்டிரே திருகில் எர்த் எடுத்திருந்தேன். எர்த் இரண்டு இடத்தில் இருந்தால் டைனமோ நடுவில் புகுந்து கத்தும். இரண்டையும் ஒரே போல்ட்டில் சேர்த்து முறுக்கினால் அடங்கிவிடும். இரண்டு நிமிஷ வேலை. வண்டியை ஓட்டக்கூட வேண்டியதில்லை. நின்ற இடத்திலேயே ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்தால் அந்தச் சத்தம் வரும். இதெல்லாம் எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

எனக்கு அந்த வாழைத்தார் ஞாபகம் வந்தது.

"பின்னாடி உக்காந்து, வண்டிய ஓட்டிக் கேட்டாத்தானுங்க தெரியும்," என்றேன்.

"முன்னாடி உக்காந்து கேளு."

"முன்னாடி கேக்காதுன்னு உங்க டிரைவரே சொல்றாருங்களே."

"அதான் நாங் கத்திக் காட்டுனனல்ல?"

"நல்லாத்தானுங்க கத்துனீங்க. இருந்தாலும் டைனமோ கொரலும் உங்க கொரலும் ஒண்ணாகுமுங்களா?"

பண்ணாடி காரின் பின்பக்கத்தைக் காட்டினார். "அப்ப டிக்கில உக்காந்துக்க. ஸ்பீக்கருக்குக் கிட்டத்துல இருக்கும்."

"டிக்கில ஒருக்கா வந்துட்டனுங்க. அங்க மண்ணுதான் வரும், பாட்டு வராது."

அவர் முகம் மாறியது. அவருக்கும் ஞாபகம் இருந்திருக்கிறது. நான் விடவில்லை.

"இல்லாட்டி அஸ்தம்பட்டிக்கே கொண்டு போங்க. அவரு படிச்சவரு. ஜன்னல் வழியாவே கேட்டுச் சொல்லிருவாரு."

சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் நிற்க, நான் உட்கார்ந்தேன். என் கொட்டகைக்கு வந்த லாரிகளில் பாதி அவருடைய சொந்தக்காரர்களுடையது. இவனிடம் விடாதே என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் நான் தகரத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். போனால் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

பண்ணாடி பின் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு போய் முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். என்னோடு ஒரே சீட்டில் உட்கார அவரால் முடியாது. "ஏறித் தொல," என்றார்.

ஏறினேன். என் டவுசரெல்லாம் கிரீஸ். துண்டை விரித்து உட்காரலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. விரிக்கவில்லை. நடுவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். "ஊர்ப்பக்கம் போலாமுங்க, ரோடு காலியா இருக்கும்," என்று டிரைவரிடம் சொன்னேன்.

முன்னால் போய் உட்கார்ந்தபோது பண்ணாடி ஒன்றை யோசிக்கவில்லை. ஊரே அந்தக் காரின் பின் ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டுப் பழகியது. பாலத்துக்கிட்ட சைக்கிளில் வந்தவர் இறங்கி நின்று எனக்குக் கும்பிடு போட்டார். கரும்பு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் கையை விட்டுவிட்டு எனக்குக் கும்பிடு போட்டார்கள். போட்டுவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தார்கள். பண்ணாடி முன் சீட்டில், முட்டியில் வாக்மேனை வைத்துக்கொண்டு விறைத்து உட்கார்ந்திருந்தார்.

"கேட்டுதா?"

"இன்னும் கொஞ்சம் போவட்டுங்க."

"இப்ப?"

"வேகம் பத்தலீங்க."

நாதஸ்வரத்துக்கு நடுவில் டைனமோ பிரமாதமாகக் கத்திக்கொண்டிருந்தது. இவ்வளவு சுகமான இரைச்சலை நான் கேட்டதே இல்லை.

வாய்க்கால் திருப்பத்தில் ஒருவர் புல்லுக்கட்டோடு வந்துகொண்டிருந்தார். காரைப் பார்த்ததும் கட்டை இறக்கிவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து ஓரமாக நின்று, பின் ஜன்னலைப் பார்த்துக் குனிந்தார். என் அப்பா. நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தார்.

சுகமெல்லாம் அங்கேயே போய்விட்டது.

"நிறுத்துங்க," என்றேன். டிரைவர் பண்ணாடியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் பிரேக் போட்டுவிட்டார். பின் சீட்டிலிருந்து வருகிற குரலுக்கு நிறுத்தியே பழகின மனுஷர்.

"எதுக்குடா?" என்றார் பண்ணாடி.

"ஸ்பீக்கரு ரெண்டுங்க. ஒரு ஆளு ரெண்டு பக்கமும் கேக்க முடியாதுங்க. எங்கப்பனுக்குக் காது சுத்தமா இருக்கும்."

"அய்யோ, வேண்டாஞ் சாமி, நா நடந்தே போயிக்கறனுங்க," என்றார் அப்பா. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. துண்டு இன்னும் கக்கத்தில் இருந்தது.

பண்ணாடி முன் கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டில் ஒன்றும் இல்லை. பிறகு திரும்பி அப்பாவின் காலை ஒரு தரம் பார்த்தார்.

"ஏறுடா. வெயில்ல எத்தன நேரம் நிப்ப?"

அப்பா ஏறினார். ஏறிச் சீட்டில் உட்காராமல் காலடித் தரையில் குந்திக்கொண்டார்.

"மேல உக்காருப்பா."

"இங்கயே சௌரியமாத்தான் இருக்குது."

"அங்க பாட்டு கேக்காது. மேல வா."

அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தேன். சீட்டின் நுனியில், எந்த நிமிஷமும் இறங்கிவிடுகிற மாதிரி உட்கார்ந்தார். வண்டி வேகம் எடுத்தது. இரைச்சலும் ஏறியது.

"ஏன்டா, ஏதாச்சும் கேக்குதா?" என்றார் பண்ணாடி, திரும்பாமலே.

எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. அப்பா அந்தத் தோட்டத்தில் வேலை செய்த காலமெல்லாம் பண்ணாடியிடம் சொன்னது ஒன்றே ஒன்று: நல்லா இருக்குதுங்க சாமி. கூலி நல்லா இருக்குதுங்க, கஞ்சி நல்லா இருக்குதுங்க, முறிந்த கால்கூட நல்லா இருக்குதுங்க. இப்போதும் அதையே சொன்னால் நான் என்ன செய்வேன்?

அப்பா தலையைச் சாய்த்து வலது ஸ்பீக்கரைக் கேட்டார். அப்புறம் உடம்பைப் பின்னால் நகர்த்தி, சீட்டில் முதுகு படச் சாய்ந்து, இடதையும் கேட்டார்.

"நல்லால்லீங்க சாமி," என்றார். "நாயனத்துக்குள்ள கொசு பூந்தாப்பல கத்துதுங்க. இதை வெச்சுட்டு எப்படிங்க பாட்டுக் கேக்கறது?"

பண்ணாடி சடக்கென்று திரும்பினார். கோபம் என்றுதான் நினைத்தேன். "நாஞ் சொன்னனல்ல!" என்றார் டிரைவரைப் பார்த்து. "எனக்குக் காது போயிருச்சுன்னுதான நெனச்ச? இப்பக் கேட்டுக்க!" அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கொட்டகை வந்து சேருகிற வரைக்கும் கொசுவா வண்டா என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டே வந்தார். அப்பா கடைசி வரைக்கும் கொசு என்றே சாதித்தார்.

ஆஷ்டிரே திருகில் இருந்த வயரைக் கழற்றி, ஸ்டீரியோவின் எர்த் போல்ட்டில் போட்டு முறுக்கினேன். டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்தார். நாதஸ்வரம் மட்டும் வந்தது. பண்ணாடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். நின்ற இடத்திலேயே மிதித்துப் பார்த்திருக்கலாம் என்று அப்போது அவருக்கு உறைத்ததோ என்னவோ. போய்ப் பின் சீட்டில் உட்கார்ந்தார். சீட்டைத் துடைக்கச் சொல்வாரா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்த் தண்ணீர் தெளிக்கச் சொல்லியிருந்தால் அது எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். லாரிகள் வழக்கம்போல வந்துகொண்டிருந்தன.

பொழுதோடு அப்பாவை சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து ஊருக்கு மிதித்தேன். வலுக்கட்டாயமாகச் சீட்டில் தூக்கி உட்கார வைத்தேனே, என் மேல் கோபமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வாய்க்கால் திருப்பத்தில் போட்டுவிட்டு வந்த புல்லுக்கட்டு அப்படியே கிடந்தது. சைக்கிளை நிறுத்தினேன்.

"எப்படிப்பா இருந்துச்சு சீட்டு?"

அப்பா இறங்கி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்பிடியொண்ணும் பெருசா இல்லடா. ஸ்பிரிங்கு குத்துது. டிக்கிலயாச்சும் சாக்கு விரிச்சிருந்துச்சு."