சக்கரவர்த்தியின் இடது தாடை

மூக்கு ஒன்றை மட்டும் நம்பி மனிதன் முன்னுக்கு வரலாம் என்பதற்கு அந்த அருங்காட்சியகக் காவலாளியே சாட்சி. கீழ்த்தளத்தில் வருகிறவர்களின் பைகளையும் குடைகளையும் வாங்கி வைக்கும் இருட்டறையில் புழுங்கிக்கொண்டிருந்தவரை, ரோமானியத் தங்கக் காசுகள் இருக்கும் மாடிக்கு ஏற்றியது அந்தக் கழுகு மூக்குதான். கண்ணாடிப் பெட்டியின் நடுக்காசில் வலப்பக்கம் பார்த்திருந்த ராஜாவுக்கும் அச்சு அசலாக அதே மூக்கு. பார்க்க வந்தவர்கள் இவரை 'சக்கரவர்த்தி' என்றார்கள். காசுக்குப் பக்கத்தில் வலப்பக்கம் திருப்பி நிறுத்திப் படம் எடுத்தார்கள். இடப்பக்கத்தை அவர் யாருக்கும் காட்டியதில்லை. அங்கே தாடையில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி.

அப்போதுதான் காப்பாட்சியருக்கு ஞானம் பிறந்தது. காசின் பின்பக்கம் தராசு பிடித்த தேவதை ஒருத்தி இருந்தாள்.

"பாவம், அந்தம்மா எத்தனை வருஷமா குப்புறக் கெடக்கறாங்க! எல்லாக் காசையும் திருப்பிப் போடுங்க. அடியில முகம் பாக்கற கண்ணாடி வெச்சா ராஜாக்களும் தெரிவாங்க."

தெரிந்தார்கள். ஆனால் கண்ணாடியில் எல்லோரும் இடப்பக்கம் திரும்பியிருந்தார்கள்.

வேறு வழியின்றிச் சக்கரவர்த்தியும் திரும்பினார். முதலில் வந்த தம்பதி உற்றுப் பார்த்துவிட்டு, "இவரா? தாடை ஒத்துவரலையே," என்று நகர்ந்தார்கள்.

காப்பாட்சியர் பெருமூச்சு விட்டார். "நாளையிலேருந்து கீழ பை ரூமுக்கே போயிடுங்க."

அந்த நேரம் பார்த்துக் காவலாளியின் மனைவி வந்து நின்றாள், கையில் அவர் மறந்துவிட்டுப்போன சாப்பாட்டு டப்பா.

"நீ வேற ஏன் இப்ப வந்த?"

"ராஜான்னா பசிக்காதா?" என்றவள் பெட்டியின் மேல் குனிந்தாள். நடுக்காசைத் தாண்டி அடுத்த காசின் கண்ணாடியில் அவள் பார்வை நின்றது. "சார், எங்க வீட்டுக்காரரு இங்க இருக்காரே! தினமும் கண்ணு முழிச்சதும் நான் பாக்கறது இந்தப் பக்கத்தைத்தான்."

காப்பாட்சியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அதே மூக்கு. அச்சடித்தபோது நேர்ந்த பிசகால் தாடையில் ஒரு பொட்டுத் தங்கம் கூடுதலாகப் புடைத்திருந்தது.

"அட! இது நடுக்காசு ராஜாவோட அப்பா!"

இப்படியாக, ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் சாம்ராஜ்யம் மகனிடமிருந்து தந்தைக்குப் போனது. காவலாளி ஓரடி நகர்ந்து நின்றார்.

"கொஞ்சம் நல்லாத்தான் காட்டுங்களேன்," என்றாள் மனைவி.

அவர் இடது தாடையை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.