மயில்கழுத்து நிறத்தில் ஒரு வெள்ளிக்காசு

அனுமந்தன்பட்டியில் பன்னீர் திராட்சை போட்டிருக்கிற ராஜபாண்டிக்கு வெள்ளிக்காசுப் பித்து பிடித்தது, மகளுக்குக் கொலுசு எடுக்கப் போன இடத்தில். கம்பத்தில் ஒரு நகைக்கடை. உருக்குவதற்காகத் தட்டில் கொட்டியிருந்த அரைஞாண், நசுங்கிய குங்குமச்சிமிழ், அறுந்த கொலுசுகளுக்கு நடுவே ஒரு பெரிய காசு கிடந்தது. பத்து ரூபாய், 1970. தாமரையும் சூரியனும் பொறித்திருந்தார்கள். எல்லோருக்கும் உணவு என்று அந்த வருஷம் அரசாங்கம் நினைவுக்காக அடித்தது.

"இதையுமா உருக்கப் போறீக?"

"வெள்ளிதானண்ணே. எல்லாம் ஒண்ணாத்தான் உருகும்" என்றார் கடைக்காரர்.

ராஜபாண்டி அந்தச் சூரியனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கொலுசு மறந்தே போனது. அதற்காக மறுநாள் இன்னொரு தடவை கம்பம் போனார்.

அதற்குப் பிறகு காசுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. தேனியில் காசு சேர்ப்பவர்கள் மாதம் ஒருமுறை கூடுவார்கள். அங்கே பேசிப் பேசித் தரம் பார்க்கவும் கற்றுக்கொண்டார். ஜன்னலோரம் நின்று காசை மெல்லச் சாய்ப்பார். புழங்காத காசென்றால் வெளிச்சம் அதன்மேல் காற்றாடி போலச் சுற்றி வரும். யாராவது துலக்கிய காசில் சுற்றாது. வெள்ளையாக, சவமாகக் கிடக்கும், விலை போகாது. துலக்காமல் தானாக நிறம் ஏறிய காசுக்குத்தான் மதிப்பு. திராட்சைமேல் படிந்திருக்கும் சாம்பல் பூச்சு விரல் பட்டால் கெடுகிற மாதிரிதான் இதுவும் என்று அவருக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வெளிச்சம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். மனைவி மொக்கம்மாள் சாப்பிடக் கூப்பிட்டால் எங்கேயோ தூரத்தில் கூப்பிடுவது போலிருக்கும்.

உத்தமபாளையத்தில் தையற்கடை வைத்திருக்கும் ரிஸ்வானாவும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. ஒருநாள் ராஜபாண்டியின் வீடு தேடி வந்தாள். கையில் அதே தாமரைக்காசு, அவள் வாப்பா வைத்திருந்தது.

"அண்ணே, ஓரத்துல மயில்கழுத்து நிறம் ஓடுது பாருங்க. இதுக்கு என்ன தரம் சொல்வீக?"

ராஜபாண்டி சாய்த்துப் பார்த்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தார். "நீலம் எங்கனம்மா இருக்கு? பழுப்பேறிக் கெடக்கு. சுமார்தான்."

"நல்லாப் பாருங்கண்ணே."

"பாத்தாச்சு. நீ மனசு சங்கடப்படாத. என்கிட்ட இதே காசு வெள்ளை வெளேர்னு ஒண்ணு இருக்கு. அத எடுத்துக்கிட்டு இத இங்கன வச்சிட்டுப் போ."

அவர் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். ரிஸ்வானா அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு காசை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள். மொக்கம்மாள் காபியோடு வருவதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள். அதற்கப்புறம் தேனிக் கூட்டத்துக்கு அவள் வரவில்லை.

அந்த அறுவடையில்தான் விஷயம் வெளியே வந்தது. பழுத்த கொத்து, பழுக்காத கொத்து தெரியாமல் ராஜபாண்டி வெட்டச் சொல்ல, வெட்டுகிற பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். மொக்கம்மாள் சிரிக்கவில்லை. தேனிக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். இரண்டு கண்ணிலும் புரை. முதலில் இடது கண்ணைச் செய்யலாம், வலதை அப்புறம் பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார்.

ஆபரேசன் முடிந்து மறுநாள் கட்டைப் பிரித்தபோது அவருக்கு முதலில் தெரிந்தது மொக்கம்மாளின் சேலை. அப்படி ஒரு நீலத்தை அவர் மறந்தே போயிருந்தார்.

"ஏ புள்ள, இந்தச் சேலை எப்ப எடுத்த?"

"போன தீவாளிக்கு முந்துன தீவாளிக்கு நீங்கதான எடுத்துக் குடுத்தீக."

"அது பச்சையில்ல?"

மொக்கம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

தோட்டத்துத் தூசி ஆகாது என்று வீட்டோடு இருக்கச் சொல்லியிருந்தார்கள். ராஜபாண்டி காசுப்பெட்டியைத் திறந்தார். திராட்சைக்குத் தூவுகிற கந்தகம் வைத்திருந்த அலமாரியிலேயே அந்தப் பெட்டியும் பல வருஷம் இருந்தது. கந்தகத்தின் மூச்சுப் பட்டுப் பட்டு ஒவ்வொரு காசும் ஒரு நிறம் ஏறியிருந்தது. ஒன்றின் விளிம்பில் ஊதா வளையம். ஒன்றில் மழை விட்ட நேரத்து மேகமலை போல ஒரு நீலம். பழுப்பு என்று ஒதுக்கி வைத்த காசுகள் இவை. இடது கண்ணை மூடினால் எல்லாம் தேநீரில் ஊறியது போல் மாறிவிடும். வலதை மூடினால் நீலம் திரும்பி வரும். மூடித் திறந்து, மூடித் திறந்து, இரண்டு ஊரில் மாறி மாறிக் குடியிருக்கிறவர் போல அந்த நாட்களைக் கழித்தார். வெயில் வாசல் நடையிலிருந்து கூடத்துக்கு வந்து சுவரில் ஏறிப் போகும். அவர் அசைய மாட்டார்.

அப்படி ஒரு பகலில்தான், பெட்டியில் சேர்க்காமல் பீரோவில் தனியே வைத்திருந்த அந்த வெள்ளை வெளேர் காசை எடுத்துச் சாய்த்தார். வெளிச்சம் சுற்றவில்லை. மேலெல்லாம் பூனைமுடி போலக் கீறல். என்றைக்கோ எவரோ துலக்கிய காசு. இதையா அவளுக்குக் கொடுக்க இருந்தோம் என்று நினைத்தபோது, ஏமாற்றப் பார்க்கிறார் என்றுதான் ரிஸ்வானா அன்றைக்குத் தன் முகத்தை அப்படிப் பார்த்தாள் என்று அவருக்குப் புரிந்தது.

மொக்கம்மாளையும் கூட்டிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு உத்தமபாளையம் போனார். ரிஸ்வானா தையல் மெஷினை நிறுத்தினாளே தவிர எழுந்திருக்கவில்லை.

"கண்ணு ஆபரேசன் பண்ணியிருக்கும்மா. உன் காச இன்னொருக்கா பாக்கலாமா?"

அவள் யோசித்துவிட்டு மேஜை டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ராஜபாண்டி கண்ணாடியைக் கழற்றி, வாசல் வெளிச்சத்தில் சாய்த்தார். தாமரையைச் சுற்றி மயில்கழுத்து நிறம் அலையடித்தது. சூரியன் பக்கம் வரும்போது அது ஊதாவாகி, பொன்னாகி, வெளிச்சத்தோடு சேர்ந்து சுற்றியது. பிறகு இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டார்.

"இந்தக் கண்ணுல இன்னும் பழுப்புத்தாம்மா. அன்னைக்கு ரெண்டும் இப்படித்தான் இருந்துச்சு. குடுக்கிறேன்னு சொன்னனே, அந்த வெள்ளைக்காசு... அதுவும் துலக்குனதுதாம்மா."

ரிஸ்வானா மொக்கம்மாளைப் பார்த்தாள். "நெசந்தான் தாயி. என் சேலையவே பச்சையின்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்காக" என்றாள் மொக்கம்மாள்.

ரிஸ்வானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "நான் என்னென்னமோ நெனச்சிட்டேன்ணே. சரி, இப்பச் சொல்லுங்க. என்ன தரம்?"

"புழங்காத காசு. நான் பாத்ததிலயே இதுதான் ஒசத்தி. நிறத்தை இனிமே நீ சொல்லு. கீறல் இருந்தா நான் சொல்றேன்."

அடுத்த மாதக் கூட்டத்தில் நிறத்துக்கு அவள், கீறலுக்கு அவர் என்று இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

வலது கண்ணுக்கு நாள் குறிக்காமல் ராஜபாண்டி தள்ளிக்கொண்டே வந்தார். அந்தப் பழுப்பு ஊரை விட்டு வர மனமில்லை. மொக்கம்மாள் சத்தம் போட்டு ஒருவழியாக நாள் குறித்தாள். கிளம்புகிற காலையில் ஒவ்வொரு காசையும் வலது கண்ணால் மட்டும் பார்த்து உள்ளே வைத்தார்.

கட்டைப் பிரித்ததும் கம்பம் பஸ்ஸில் திரும்பினார்கள். சின்னமனூர் தாண்டியதும் ஜன்னலில் மலை வந்தது. இடதை மூடிப் பார்த்தார், வலதை மூடிப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் மலை நீலமாகத்தான் இருந்தது. கொஞ்ச தூரம் பார்த்துவிட்டு மொக்கம்மாள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார்.